கிட்டாரில் ‘ஹோட்டல் கலிபோர்னியா’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராக் இசைக் குழுவான ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ 1976 டிசம்பரில் அதே பெயர் கொண்ட ஆல்பத்தில் வந்தது. 1977 பிப்ரவரியில் தனியாகவும் வெளியானது. மெட்டின் மூலக்கரு குழுவின் கிட்டார் கலைஞர் டான் ஃபெல்டருடையது. வரிகள் குழுவின் பாடகர்கள் டான் ஹென்லி, கிளென் ஃப்ரை இருவருடையவை. கிட்டார் பழகுகிறவர்கள் பலரும் என்றாவது ஒருநாள் இந்தப் பாட்டுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அப்படி நிற்கும்போது எழும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். கிட்டாரைப் பிடிக்கத் தெரியும், நாலைந்து கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடிகள்) விரலுக்கு வரும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

இதை என் முதல் பாட்டாக எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பாட்டு ரொம்பக் கடினம் என்பதால் அல்ல. ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நிற்காமல் கொண்டுபோகும் பழக்கம் முதலில் வர வேண்டும், ஆறரை நிமிடப் பாட்டில் அது வராது. பாப் டிலன் 1973-இல் வெளியிட்ட ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’ பாட்டை எடுங்கள். ஜி, டி, ஏ மைனர். அப்புறம் ஜி, டி, சி. நான்கே கார்டுகள், எல்லாம் திறந்த கம்பி கார்டுகள், அதாவது சில கம்பிகளை அழுத்தாமல் விடும் பிடிகள். அதை இடையில் நிற்காமல், தப்பினாலும் திரும்பிப் போகாமல், முழுதாக வாசிக்க முடிந்த அன்று இந்தப் பக்கம் வாருங்கள்.

ஏற்கெனவே அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தால் தயங்க வேண்டியதில்லை. கேட்க பிரமாண்டமாக இருக்கிறதே தவிர, இந்தப் பாட்டின் எலும்புக்கூடு மிக எளிது.

12 கம்பி கிட்டார் இல்லாமல் முடியாதா?

தாராளமாக முடியும். பதிவில் தொடக்க இசைக்கு ஒரு மினுமினுப்பு இருக்கிறதே, அது 12 கம்பி தருவது. அந்தக் கிட்டாரில் தடித்த நான்கு கம்பிகளுக்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்த மெல்லிய கம்பி இருக்கும். மீதி இரண்டு கம்பிகள் அதே சுருதியில் இரட்டையாக இருக்கும். ஒரு கார்டை மீட்டினால் இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும். ஃபெல்டர் மேடையில் இரட்டைக் கழுத்துள்ள வெள்ளை கிப்சனை மாட்டிக்கொண்டு நின்றதற்கும் இதுதான் காரணம்: 12 கம்பிக் கழுத்தில் தொடக்கம், 6 கம்பிக் கழுத்தில் சோலோ (கிட்டார் முன்னணியில் நின்று தனியாக வாசிக்கும் பகுதி).

உங்களிடம் இருக்கும் சாதாரண ஆறு கம்பி கிட்டார் போதும். நைலான் கம்பி என்றால் ஒலி கொஞ்சம் மந்தமாக இருக்கும், வேறு தடையில்லை.

பாட்டில் மொத்தம் எத்தனை கார்டுகள்? எந்த வரிசையில்?

ஏழு. வரிசை இது: பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, ஈ, ஜி, டி, ஈ மைனர், மறுபடி எஃப் ஷார்ப். ஒவ்வொன்றுக்கும் நான்கு தாளத் தட்டு. எட்டு இடம், 32 தட்டு, ஒரு சுற்று. தொடக்க இசையில் இந்தச் சுற்று இரண்டு முறை வரும். அது முடிந்து டிரம் இரண்டு அடி போட்டதும் பாட்டு ஆரம்பம். ஒவ்வொரு சரணத்திலும் இதே சுற்று இரண்டு முறை. கடைசியில் வரும் நீண்ட சோலோவுக்கு அடியிலும் இதே சுற்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கோரஸ் (பல்லவி போலத் திரும்ப வரும் பகுதி) மட்டும் ஜி-யில் தொடங்கி வேறு வரிசையில் போகும். அதிலும் புதிய கார்டு ஒன்றும் இல்லை.

இதை எட்டுப் பெயர்களாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஜோடி ஜோடியாகப் பாருங்கள். பி மைனரும் எஃப் ஷார்ப்பும் ஒரு ஜோடி. ஏ-வும் ஈ-யும் ஒரு ஜோடி. ஜி-யும் டி-யும் ஒரு ஜோடி. மூன்று ஜோடியிலும் முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்குப் போகும் தூரம் ஒன்றேதான். ஜோடிகளின் தலைகளை மட்டும் பார்த்தால் பி, ஏ, ஜி என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறது. கடைசி ஜோடியான ஈ மைனர், எஃப் ஷார்ப் மட்டும் மேலே ஏறி, உங்களை மறுபடி பி மைனரின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. மூன்று முறை இறங்கி ஒரு முறை ஏறுவது. இது காதில் பதிந்துவிட்டால் அடுத்த கார்டு என்ன என்று யோசிக்கவே வேண்டாம்.

சிலர் கேப்போவை ஏழாவது ஃப்ரெட்டில் போடச் சொல்கிறார்கள், சிலர் இரண்டாவதில், சிலர் கேப்போவே வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

மூன்று பேரும் சரி. கேப்போ என்பது எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) அழுத்திப் பிடிக்கும் கவ்வி. மூன்றிலும் வெளியே கேட்கும் சுருதி ஒன்றுதான், விரல் வைக்கும் வடிவங்கள்தான் வேறு.

பதிவில் இருப்பது ஏழாவது ஃப்ரெட். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மலிபு கடற்கரையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தபோது ஃபெல்டர் இந்த மெட்டை நான்கு டிராக் கருவியில் தனியாகப் பதிவு செய்தார். அப்போது அது ஈ மைனரில் இருந்தது. குழுவாகப் பதிவு செய்யப் போனபோது அந்தச் சுருதி ஹென்லியின் குரலுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் பி மைனரில் வந்து நின்றார்கள். சுருதி மாறினாலும் திறந்த கம்பிகளின் அந்த ஒலி போகக் கூடாது. ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போவைப் போட்டு ஈ மைனர் வடிவத்தைப் பிடித்தால் பி மைனர் கேட்கும். பதிவின் மினுமினுப்பில் பாதி 12 கம்பியால் வந்தது என்றால் மீதி இந்த கேப்போவால் வந்தது.

கேப்போ ஏழில் இருந்தால் பிடிக்க வேண்டிய வடிவங்கள்: ஈ மைனர், பி செவன், டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி செவன். எல்லாம் தொடக்க நிலைக் கார்டுகள். பி செவன் மட்டும் புதிதாக இருக்கலாம்: ஐந்தாவது கம்பியில் இரண்டாவது ஃப்ரெட், நான்காவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, இரண்டாவது கம்பி திறந்தபடி, முதல் கம்பியில் சுண்டுவிரல் இரண்டாவது ஃப்ரெட்டில். இந்த ஃப்ரெட் எண்களெல்லாம் கேப்போவிலிருந்து எண்ணுவது; கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ண வேண்டும். ஒரே ஒரு சங்கடம், அந்த இடத்தில் ஃப்ரெட்டுகள் நெருக்கமாக இருக்கும். ஏ வடிவத்துக்கு மூன்று விரல்களையும் அங்கே அடைக்க முடியவில்லை என்றால் ஆள்காட்டி விரல் ஒன்றையே படுக்க வைத்து மூன்று கம்பிகளையும் அழுத்திவிடுங்கள், முதல் கம்பியை மீட்டாமல் விடுங்கள்.

கேப்போ இரண்டில் இருந்தால்: ஏ மைனர், ஈ செவன், ஜி, டி, எஃப், சி, டி மைனர், ஈ செவன். இதில் எஃப் ஒன்றுதான் தொல்லை. தனியாக உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கு இந்த இடம் நல்ல கனமான ஒலியைத் தரும்.

கேப்போ இல்லாமல் வாசிப்பது பார் கார்டு (ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துப் பல கம்பிகளை ஒன்றாக அழுத்தும் பிடி) பழக நினைப்பவர்களுக்கு. என்னைக் கேட்டால் முதலில் ஏழில் கற்றுக்கொள்ளுங்கள், பாட்டு கைக்கு வந்த பிறகு கேப்போவைக் கழற்றுங்கள். பாட்டையும் பார் கார்டையும் ஒரே நேரத்தில் கற்கப் போனால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

கேப்போ போட்டதும் சுருதி விலகிவிடுகிறதே?

கேப்போ கம்பிகளை அழுத்தும்போது கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது, அதனால் சுருதி சற்று ஏறும். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால், நேராகப் போடுங்கள். போட்ட பிறகு ஒருமுறை ட்யூனரில் சரிபாருங்கள். கழற்றும்போது மறுபடியும்.

பி மைனர் பார் கார்டு பிடித்தால் பாதிக் கம்பிகள் செத்த சத்தம் தருகின்றன. என்ன செய்வது?

முதலில் எந்தக் கம்பி செத்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கார்டைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக மெதுவாக மீட்டுங்கள். பெரும்பாலும் முதல் கம்பியோ இரண்டாவது கம்பியோதான் மாட்டும். முதல் கம்பி ஒலிக்கவில்லை என்றால் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி சரியாகப் படவில்லை. விரலின் மெத்தென்ற உள்பக்கத்தால் அழுத்தாமல், கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, எலும்பு படும் ஓரத்தால் அழுத்திப் பாருங்கள். விரல் மூட்டின் மடிப்புக்குள் ஒரு கம்பி போய் ஒளிந்துகொள்வதும் வழக்கம். விரலை ஒரு நூல் அளவு மேலேயோ கீழேயோ நகர்த்தினால் அது வெளியே வந்துவிடும். இரண்டாவது கம்பி செத்திருந்தால் நடுவிரல் சாய்ந்து கிடக்கிறதா, பக்கத்து விரல் அதைத் தொடுகிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் பின்னாலிருந்து நசுக்குவதை விட, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, கையின் எடையால் கழுத்தைப் பின்னால் இழுப்பது போல அழுத்தினால் வலி குறையும்.

பி மைனரில் ஆள்காட்டி விரல் இரண்டாவது ஃப்ரெட்டில் ஐந்து கம்பிகளின் மேல். நான்காவது, மூன்றாவது கம்பிகளில் மோதிர விரலும் சுண்டுவிரலும் நான்காவது ஃப்ரெட்டில். இரண்டாவது கம்பியில் நடுவிரல் மூன்றாவது ஃப்ரெட்டில். இப்போது அந்த மூன்று விரல்களையும் வடிவம் கலையாமல் அப்படியே ஒரு கம்பி மேலே, தடித்த கம்பிகளின் பக்கமாக, நகர்த்தி ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் நீட்டுங்கள். அதுதான் எஃப் ஷார்ப். பாட்டின் முதல் மாற்றம் இவ்வளவுதான். ஆள்காட்டி விரல் அந்த ஃப்ரெட்டை விட்டு நகரவே வேண்டாம். சுண்டுவிரலை எடுத்துவிட்டால் எஃப் ஷார்ப் செவன். பாட்டுக்கு அதுவும் பொருந்தும், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன் (வலக்கையால் மீட்டும் முறை) என்ன?

இந்தப் பாட்டில் எல்லோரும் இடக்கையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் வலக்கைதான். கார்டு மாறும் இடத்தில் விரல் தடுமாறுகிறது, உடனே வலக்கையும் நின்றுவிடுகிறது; விரல் சரியானதும் மறுபடி ஓடுகிறது. கேட்பவருக்கு அது பாட்டாக இருக்காது. வலக்கை நிற்கவே கூடாது. இடக்கை சரியான நேரத்தில் வந்து சேராவிட்டால் செத்த கம்பிகளையே மீட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுங்கள். தாளம் தப்பாமல் ஒரு கார்டு தப்பினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லாக் கார்டும் சரியாக இருந்து தாளம் ஒரு நொடி நின்றால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

இதை இப்படிப் பழகலாம். முதலில் ஒரு கார்டுக்கு ஒரே ஒரு மீட்டல், மேலிருந்து கீழே. மீதி மூன்று தட்டுகளைக் காலால் தட்டி எண்ணுங்கள். மீட்டிய கையோடு அடுத்த கார்டுக்கு விரல் போகட்டும், நேரம் நிறைய இருக்கிறது. இப்படி நான்கைந்து சுற்று தடங்கலில்லாமல் வந்ததும் நான்கு தட்டுக்கும் நான்கு கீழ் மீட்டல். அதுவும் வந்ததும் கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல் என்ற வழக்கமான பேட்டர்னுக்குப் போங்கள். மூன்றாவது தட்டு விழும் நேரத்தில் கை கீழே இறங்க வேண்டும், ஆனால் கம்பியைத் தொடக் கூடாது. அந்தத் தொடாத இறக்கம்தான் பேட்டர்னின் உயிர். அங்கே கையை நிறுத்திவிட்டு மேல் மீட்டலுக்குக் காத்திருந்தால் தாளம் நொண்டும்.

இன்னொன்று. ஃபெல்டர் கொடுத்த மெட்டுக்குக் குழுவினர் வைத்த தற்காலிகப் பெயர் ‘மெக்சிகன் ரெகே’. பாட்டின் தாளத்தில் ஜமைக்காவின் ரெகே இசையின் சாயல் இருக்கிறது. இரண்டாவது, நான்காவது தட்டுகளில் லேசான அழுத்தம் கொடுத்து, மீட்டியதும் இடக்கை விரல்களைக் கொஞ்சம் தளர்த்தி ஒலியைச் சட்டென்று வெட்டிப் பாருங்கள். விரல்களைக் கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது, அழுத்தத்தை மட்டும் விட வேண்டும். சரணத்தில் இதைச் செய்து, கோரஸில் கார்டுகளை முழுதாக ஒலிக்க விட்டால் பாட்டு தானாகவே விரிந்து கேட்கும்.

மெட்ரோனோம் (சீரான தாளத் தட்டு கொடுக்கும் கருவி) கட்டாயமா? எந்த வேகத்தில் வைப்பது?

கட்டாயம். பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 74 தட்டு. சில செயலிகள் 147, 148 என்று காட்டும், பயந்துவிடாதீர்கள். அவை இரட்டித்து எண்ணுகின்றன. 50-இல் தொடங்குங்கள். ஒரு சுற்று முழுதும் தடங்கலில்லாமல் மூன்று முறை வந்தால் 4 கூட்டுங்கள். வராவிட்டால் 4 குறையுங்கள். மெதுவாக வாசிப்பது சுலபம் என்று நினைப்பீர்கள், 50-இல் நிதானமாக நிற்பது 74-இல் ஓடுவதை விடக் கடினம். அவசரப்படும் கை அங்கேதான் பிடிபடும்.

தொடக்க இசையை விரலால் வாசிப்பதா, பிக்காலா?

பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பழக்கம் இருந்தால் பிக்கே நல்லது, கம்பிகளின் கூர்மை அப்படித்தான் வரும். விரல் பழக்கம் உள்ளவர்கள் விரலிலேயே வாசிக்கலாம். கட்டைவிரல் அடிக் கம்பிக்கு (கார்டின் பெயருக்குரிய சுரம் ஒலிக்கும் தடித்த கம்பி), மற்ற மூன்றும் மெல்லிய மூன்று கம்பிகளுக்கு.

சுரத்துக்குச் சுரம் பதிவில் உள்ளபடியே வர வேண்டும் என்று முதல் வாரமே உட்காராதீர்கள். ஒவ்வொரு கார்டிலும் அதன் அடிக் கம்பியை முதல் தட்டில் மீட்டுங்கள், பிறகு மெல்லிய மூன்று கம்பிகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி நிரப்புங்கள். கேப்போ ஏழில் அடிக் கம்பி ஈ மைனருக்கு ஆறாவது, பி செவனுக்கு ஐந்தாவது, டி-க்கு நான்காவது, ஏ-வுக்கு ஐந்தாவது, சி-க்கு ஐந்தாவது, ஜி-க்கு ஆறாவது, ஏ மைனருக்கு ஐந்தாவது. இந்த அளவுக்கு வாசித்தாலே கேட்பவர்கள் பாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் அடையாளம் கார்டு வரிசையில்தான் இருக்கிறது. கார்டுக்குக் கார்டு போகும்போது நடுவில் வரும் சின்ன அலங்காரங்களை அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

டேப்லேச்சரைப் பார்த்துக் கற்பதா, காதால் கேட்டா?

சோலோவுக்கு டேப்லேச்சர் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்களால் எழுதிய குறிப்பு) உதவும். கார்டு மாறும் இடங்களுக்குக் காது போதும். பாட்டைப் போட்டுவிட்டு கிட்டார் இல்லாமல் பேஸ் கிட்டாரின் முதல் தட்டை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே போங்கள். மேலே சொன்ன இறங்கும் ஜோடிகள் தெளிவாகக் கேட்கும். இணையத்தில் கிடைக்கும் டேப்லேச்சர்களில் பல, ஒருவர் காதால் கேட்டு எழுதியவை. ஒரே இடத்துக்கு இரண்டு விதமாக எழுதியிருந்தால் பதிவை மெதுவாக ஓட விட்டுக் கேளுங்கள். இப்போதைய பிளேயர்கள் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கும்.

விரல் நுனி வலிக்கிறது, நிறுத்தலாமா?

நுனியில் எரிச்சல் என்றால் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுத் தொடருங்கள், தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள், பிடிக்கும் விதத்தை மாற்றுங்கள். கம்பி ஃப்ரெட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றால் யாருக்கும் வலிக்கும். கிட்டார் சரிசெய்பவரிடம் காட்டி உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பாடிக்கொண்டே வாசிக்க வரவில்லை.

வாசிப்பது இன்னும் உங்கள் கவனத்தைக் கேட்கிறது என்று அர்த்தம். ஒரு சோதனை: சுற்றை ஓட விட்டுக்கொண்டே யாரிடமாவது பேசிப் பாருங்கள். பேச்சு வரும்போது கை நின்றால் பாடும் நேரம் இன்னும் வரவில்லை. கை நிற்காவிட்டால் முதலில் வரிகளைப் பாடாமல், தாளத்தில் சொல்லுங்கள். எந்த அசை எந்தத் தட்டில் விழுகிறது என்று தெரிந்ததும் ராகம் சேருங்கள். சரணத்தில் பல வரிகள் முதல் தட்டுக்கு முன்பே தொடங்கிவிடும், அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஹென்லி இதை டிரம் வாசித்துக்கொண்டே பாடினார். நமக்குக் கால் சும்மாதானே இருக்கிறது!

குரலுக்குச் சுருதி எட்டவில்லை என்றால் கேப்போவை நகர்த்துங்கள். ஹென்லிக்காக ஈகிள்ஸே சுருதியை மாற்றினார்கள், நாம் மாற்றுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சோலோவை எப்போது தொடங்கலாம்? எங்கிருந்து?

சுற்றை 74-இல் தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பீர்கள் என்ற நிலைக்குப் பிறகு. இந்தச் சோலோ கார்டுகளைப் பின்தொடர்ந்தே நடக்கும் சோலோ. அடியில் எந்தக் கார்டு ஓடுகிறது என்று தெரியாமல் விரலை மட்டும் பழக்கினால் நான்காவது வரியில் தொலைந்துபோவீர்கள்.

சோலோ நான்கேகால் நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு ஆரம்பித்து, சுமார் இரண்டு நிமிடம் போய், ஒலி மெல்லத் தேய்ந்து முடிகிறது. முதலில் ஃபெல்டர், பிறகு குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் ஜோ வால்ஷ், அப்புறம் மாறி மாறி, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து. ஃபெல்டர் கையில் கிப்சன் லெஸ் பால், வால்ஷ் கையில் ஃபெண்டர் டெலிகாஸ்டர். ஒன்றின் கனமும் மற்றதன் கூர்மையும் காதில் பிரித்துக் கேட்கும்.

எல்லோரும் சோலோவை முதலிலிருந்து தொடங்குவார்கள். நான் கடைசியிலிருந்து தொடங்கச் சொல்வேன். இரண்டு கிட்டாரும் சேர்ந்து இறங்கும் அந்தப் புகழ்பெற்ற பகுதி, ஒவ்வொரு கார்டின் சுரங்களையும் தனித்தனியாக உதிர்ப்பதுதான். பி மைனர் ஓடும்போது பி, டி, எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப் ஓடும்போது எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், சி ஷார்ப். ஏ ஓடும்போது ஏ, சி ஷார்ப், ஈ. இழுப்பு இல்லை, நடுக்கம் இல்லை, விரல் ஒரே வடிவத்தில் நகர்கிறது. இதைக் கற்றால் சோலோ முழுவதற்கும் ஒரு வரைபடம் கையில் கிடைத்துவிடும். கூட வாசிக்க ஆள் இல்லை என்றால் உயர்ந்த சுருதியில் வரும் கிட்டாரின் பகுதியை மட்டும் வாசியுங்கள், அல்லது ஒன்றைப் பதிவு செய்து அதன் மேல் மற்றதை வாசியுங்கள்.

முன்பகுதியில் இருக்கும் கடினம் கம்பி இழுப்புகள். இரண்டு ஃப்ரெட் தூரத்துக்குக் கம்பியை இழுத்து மேலே கொண்டுபோக வேண்டும், பாதி வழியில் நின்றால் அபசுரம். ஒரு விரலால் இழுக்காதீர்கள். மோதிர விரலால் அழுத்தி, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதற்குப் பின்னால் முட்டுக் கொடுத்து, மணிக்கட்டைத் திருப்பி இழுங்கள். இழுப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய சுரத்தை அதன் ஃப்ரெட்டிலேயே ஒருமுறை வாசித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பி மைனர் பென்டடானிக் ஸ்கேல் (ஐந்து சுரங்கள் கொண்ட வரிசை) மட்டும் தெரிந்தவர்கள் எஃப் ஷார்ப் வரும் இடத்தில் ஏதோ ஒட்டவில்லை என்பார்கள். அந்தக் கார்டுக்குள் இருக்கும் ஏ ஷார்ப் உங்கள் ஸ்கேலில் இல்லை, அதற்குப் பதில் ஏ இருக்கிறது. அங்கே மட்டும் ஏ-வை அரைப்படி ஏற்றிப் பாருங்கள். அதே போல் ஈ கார்டில் ஜி ஷார்ப் இருக்கிறது, அடுத்து வரும் ஜி கார்டில் சாதா ஜி. இந்த இரண்டு இடங்களைக் கவனித்தாலே சொந்தமாக வாசிப்பதுகூடத் தேர்ந்த கை போலக் கேட்கும்.

சோலோவைச் சுரத்துக்குச் சுரம் வாசிக்க வேண்டுமா, இஷ்டத்துக்கு வாசிக்கலாமா?

மயாமியில் பதிவு நடந்தபோது இதே விவாதம் நடந்ததாக ஃபெல்டர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரும் வால்ஷும் புதிதாக வாசிக்க ஆரம்பிக்க, ஹென்லி நிறுத்தி, ஃபெல்டர் முன்பு தனியாகச் செய்த மாதிரிப் பதிவில் இருந்தபடியே வேண்டும் என்றாராம். அந்த கேசட்டோ மலிபு வீட்டில். வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டவருக்குப் போன் போட்டு, கேசட்டைத் தேடி எடுத்து ஓட விட்டு, ரிசீவரை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, தான் வாசித்ததையே ஃபெல்டர் மறுபடி கற்றுக்கொண்டார்.

ஆகவே, கடைசி இணைக் கிட்டார் பகுதியை அப்படியே வாசியுங்கள், அதைக் கேட்கத்தான் ஆள் காத்திருப்பார்கள். முன்பகுதியில் தொடங்கும் வரியையும் பெரிய இழுப்புகளையும் வைத்துக்கொண்டு நடுவில் உங்கள் கைக்கு வருவதை வாசித்தால் தப்பில்லை.

எவ்வளவு நாளில் வரும்?

திறந்த கம்பி கார்டுகள் தடங்கலில்லாமல் மாறுகிறவருக்கு, தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால், கேப்போ ஏழில் சுற்றும் கோரஸும் சில வாரங்களில் வந்துவிடும். பார் கார்டில் அதே வேகம் வரச் சில மாதங்கள். சோலோவுக்கு நாள் குறிக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு வரி, அதுவும் சுற்றின் மேல் வைத்து. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதை விட தினம் இருபது நிமிடம் மேல்.

பதிவில் பாட்டு தேய்ந்து முடிகிறது. நேரில் வாசிக்கும்போது எப்படி முடிப்பது?

சுற்றின் கடைசி கார்டு எஃப் ஷார்ப். அங்கே நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். அந்த எஃப் ஷார்ப்பின் நான்கு தட்டிலும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அடுத்த முதல் தட்டில் பி மைனரை மேலிருந்து கீழே ஒரே ஒருமுறை மெதுவாக இழுத்து மீட்டி விடுங்கள். கூட வாசிப்பவர்கள் இருந்தால் இது கடைசிச் சுற்று என்று முன்கூட்டியே கண்ணால் ஜாடை காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் டிரம்மர் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பிவிடுவார்.